வைக்கோலுக்கு முதலாளி கிடையாது

1993இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சோதனைக்கூடம் ஒன்றில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சிறிய சுவர் எழுப்பினார்கள். பூச்சு கிடையாது, வெறும் வைக்கோல். அதை உலையின் வாயில் நிறுத்தித் தீயைத் திறந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் உலைப் பக்கம் 900 டிகிரி செல்சியசைத் தாண்டியது. சுவர் நின்றுகொண்டிருந்தது. 34 நிமிடம் ஆனபோதுதான் கட்டுகளுக்கு இடையிலிருந்த இடுக்கு வழியாகத் தீ மறுபக்கம் வந்தது. அடுத்து, இரண்டு பக்கமும் பூசிய இன்னொரு சுவர். இரண்டு மணி நேரம் எரித்தார்கள், உலை 1,060 டிகிரி வரை போனது. மறுபக்கத்தில் வெப்பம் ஆறு டிகிரிகூட ஏறவில்லை.

வரைபடம் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது என் பிழைப்பு. இந்தச் சோதனையைப் பற்றி முதலில் படித்தபோது வைக்கோல் இவ்வளவு நேரம் தாங்கியதே என்ற வியப்பைவிட, வேறொரு கேள்விதான் எனக்குள் ஓடியது. இதற்கு யார் காசு கொடுத்தார்கள்? தீச்சோதனை என்பது மலிவான சங்கதி இல்லை. சிமென்ட் பலகை விற்பவர் அவருடைய பலகையைச் சோதிக்கக் கொடுப்பார், போட்ட காசை விற்று எடுத்துக்கொள்வார். வைக்கோலை யார் விற்கிறார்கள்? வயலில் கிடப்பதற்கு எந்தக் கம்பெனி செலவழிக்கும்?

அதற்குப் போகும் முன், வைக்கோல் சுவர் ஏன் பற்றுவதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் வைக்கோற்போர் எரிந்து பார்த்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். போரின் மேற்பரப்பு சட்டென்று பற்றி, பார்க்கவே பயமாக எரியும். அது அடங்கியபின் உள்பகுதி நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். வெளியே காற்றோட்டம் உண்டு, உள்ளே இல்லை. இயந்திரம் இறுக்கிக் கட்டிய கட்டில் இன்னும் குறைவு. பழைய பேப்பர் கடையில் கட்டிப் போட்ட நாளிதழ்க் கட்டைக் கொளுத்திப் பாருங்கள், ஓரம் கருகி நின்றுவிடும். வைக்கோல் கட்டும் அப்படித்தான். வெளிப்பக்க வைக்கோல் கருகிக் கரியாகிறது, அந்தக் கரியே உள்ளே இருப்பதற்குப் போர்வை ஆகிவிடுகிறது. அதன்மேல் ஓர் அங்குலத்துக்குக் களிமண்ணோ சுண்ணாம்போ சிமென்ட்டோ பூசிவிட்டால், தீக்கு வைக்கோலின் வாசனையே எட்டாது.

இதை நம் ஊரில் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில், சமையல் கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியிலும் ஓலைக்கூரை கூடாது என்று ஆனது. கூரை வேறு, சுவர் வேறு. ஓலை என்பது காற்றாட விரித்த எரிபொருள், கட்டு என்பது காற்றை வெளியேற்றி இறுக்கிய பொருள் என்றெல்லாம் விளக்கலாம். விளக்கம் சரிதான். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்த தலைமுறையிடம் ‘வைக்கோல் சுவர்’ என்று வாயைத் திறப்பவன்தான் ஆதாரத்தைச் சுமக்க வேண்டும். சந்தேகப்படுபவரிடம் போய் ஆதாரம் கேட்க முடியாது.

வைக்கோல் கட்டில் வீடு கட்டும் பழக்கம் பிறந்தது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மணல்மேடுகள் நிறைந்த பகுதியில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறியவர்களுக்கு வெட்ட மரமில்லை. மண்ணும் சுவர் எழுப்புகிற மாதிரி இல்லை. ஆனால் புல்லையும் தாளையும் செவ்வகமாக அழுத்திக் கட்டும் இயந்திரம் புதிதாக வந்திருந்தது. கிடைத்த கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்றைப் பூசாமல் விட்டதால் மாடுகள் தின்று தீர்த்ததாகச் சொல்வார்கள். பூசியவை நின்றன. ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் கட்டிய தேவாலயம் இன்றும் இருக்கிறது. பிரான்சில் மோந்தார்ஜி நகரத்தில் ஃபெய்யெத் என்ற பொறியாளர் 1920இல் கட்டிய வீடும் நிற்கிறது. இவை எவற்றுக்கும் தீப்பாதுகாப்புச் சான்று வாங்கவில்லை. கேட்பாரும் அப்போது இல்லை.

கேட்க ஆரம்பித்தது 1980களின் கடைசியில். அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வைக்கோல் வீடு கட்டும் ஆசை திரும்பவும் துளிர்த்தபோது, எதிரே கட்டட ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பழமைவாதி என்று திட்டுவது சுலபம், நான் திட்ட மாட்டேன். நாளைக்கு அந்த வீட்டில் தீப்பிடித்தால் அவருடைய கையெழுத்தைத்தான் முதலில் தேடுவார்கள். விதிநூலில் இல்லாத பொருளுக்குக் கையெழுத்துப் போட அவருக்கும் ஏதாவது பிடிமானம் வேண்டும். நியூ மெக்சிகோ சோதனை அந்தப் பிடிமானத்தைத் தந்தது. 1996இல் அரிசோனாவின் டூசான் நகரமும் அதைச் சூழ்ந்த பிமா மாவட்டமும் வைக்கோல் கட்டுக்கு எனத் தனி விதியே எழுதிவிட்டன.

கலிஃபோர்னியாவுக்குக் காரணம் வேறு. சாக்ரமென்டோ பள்ளத்தாக்கு நெல் விளையும் பூமி. அறுவடை முடிந்ததும் தாளை வயலிலேயே கொளுத்துவார்கள், புகை நகரங்களை மூடும். பஞ்சாபில் இன்று நடப்பதேதான். அங்கே 1991இல் சட்டம் போட்டுக் கொளுத்துவதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மிஞ்சிய வைக்கோலை என்ன செய்வது? 1995இல் வைக்கோல் கட்டுக் கட்டடங்களுக்கான வழிகாட்டு நெறிகளைச் சட்டமாக்கினார்கள். எரிக்காமல் இருப்பதற்கு வழி தேடப்போய், எரியாத சுவருக்கு அனுமதி கிடைத்தது.

இருந்தாலும் 1993இன் சுவர்கள் சிறியவை. பெரிய நகரங்களின் ஆய்வாளர்கள் கேட்டது முழு அளவுச் சோதனை. அமெரிக்காவில் அதற்கு ஏ.எஸ்.டி.எம். இ-119 என்று பெயர். சுவர் 100 சதுர அடிக்குக் குறையக் கூடாது. உலையின் வெப்பத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அதற்கு வரைந்துவைத்த பாதை உண்டு: 5 நிமிடத்தில் 538 டிகிரி, அரை மணியில் 843, ஒரு மணியில் 927, இரண்டு மணியில் 1,010. மறுபக்கத்தில் வெப்பமானிகளைப் பதித்து வைப்பார்கள். அங்கே சராசரி வெப்பம் 139 டிகிரிக்கு மேல் ஏறினால் சுவர் தோற்றது. தனி ஓர் இடத்தில் 181 டிகிரி ஏறினாலும் தோற்றது. மறுபக்கத்தில் வைத்த பஞ்சு பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சுவாலையோ சுடுகாற்றோ இடுக்கு வழியே வந்தாலும் தோற்றது. பஞ்சும் நெருப்பும் பக்கத்தில் இருக்கலாமா என்று நம் பெரியவர்கள் கேட்ட கேள்வியை ஆய்வகத்தில் நிஜமாகவே கேட்கிறார்கள். எரித்து முடித்ததும் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். சூட்டில் விரிந்த சுவர் அந்த அடியில் உடைந்து ஓட்டை விழுந்தால், அதுவரை தாங்கியதற்கெல்லாம் மதிப்பில்லை.

2006இல் டெக்சாஸ் மாநிலத்து ஆய்வகத்தில் இரண்டு வைக்கோல் சுவர்கள் இந்தச் சோதனைக்குப் போயின. முன்னின்று நடத்தியது எகலாஜிகல் பில்டிங் நெட்வொர்க் என்ற லாபநோக்கற்ற அமைப்பு. களிமண் பூசிய சுவர் ஒரு மணி நேரத்துக்கும், சிமென்ட் கலவை பூசிய சுவர் இரண்டு மணி நேரத்துக்கும் தேறின. தண்ணீர் அடியையும் தாங்கின.

அந்த இரண்டு சுவர்களின் பக்குவமும் பிறகு விதிநூலுக்குள் போனது. அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பின்னிணைப்பு எஸ்’ என்று வைக்கோல் கட்டுக்குத் தனிப் பகுதி வந்தது. மார்ட்டின் ஹாமர் என்ற கட்டடக் கலைஞர் பலரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் எழுதித் திருத்தி, வாக்கெடுப்பில் போராடிக் கொண்டுவந்தது அது. தீ பற்றிய பகுதி ரொம்பச் சிறியது, ரொம்ப நேர்மையானது. வைக்கோல் சுவருக்குத் தீத்தாங்கு நேரம் எதுவும் கிடையாது என்றே தொடங்குகிறது. பிறகு இரண்டு விலக்குகள்: இன்ன முறையில் ஓர் அங்குலக் களிமண் பூச்சோடு கட்டினால் ஒரு மணி நேரம், இன்ன கம்பிவலை அடித்து ஓர் அங்குல சிமென்ட் பூச்சோடு கட்டினால் இரண்டு மணி நேரம். இந்த இரண்டு பக்குவத்திலிருந்து விலகினால் கணக்கில் வராது. கட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 104 கிலோவுக்குக் குறையக் கூடாது. பூச வரும்போது ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரத்துக்கான விதி தீக்காக வந்ததில்லை, உளுத்துப் போகாமல் இருக்க வந்தது. சொல்லப்போனால் வைக்கோல் சுவரின் பெரிய எதிரி தண்ணீர்தான்.

பின்னிணைப்பு என்றால், அந்தந்த ஊர் ஏற்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனாலும் ஆய்வாளருக்கு விரல் வைத்துக் காட்ட ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. 1993இலிருந்து 2015 வரை எண்ணிப் பார்த்தால் 22 ஆண்டுகள்.

இவ்வளவு காலம் ஏன் ஆனது என்பதை நான் என் தொழிலிலிருந்துதான் புரிந்துகொண்டேன். பண்ணை வீட்டுக்கு வைக்கோல் சுவர் வைக்கலாமா என்று ஆசைப்பட்ட ஒருவருக்காக விசாரிக்கப் போனபோது, எதிரே இருந்தவர் ஏளனம் ஏதும் செய்யவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், இது எந்தக் கம்பெனி மெட்டீரியல்? அவங்க டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தா கொண்டாங்க, பார்க்கலாம்” என்றார். கேள்வியில் தப்பே இல்லை. கதவு, கண்ணாடி, பூச்சுப் பலகை எல்லாவற்றுக்கும் அந்த வரிசையில்தான் ஆவணம் வருகிறது. முதலில் தயாரிப்பாளர், அப்புறம் அவர் பெற்ற சான்று, அதன்பின் நம் கட்டடம். தயாரிப்பாளர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் மேசையில் கோப்பு நகராது. கம்பங்கூழுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் கேட்டால் பாட்டி எங்கே போவாள்?

இந்த முடிச்சை ஜெர்மனியில் அவிழ்த்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. வைக்கோல் கட்டுக் கட்டுநர்கள் 2002இல் ஃபாஸ்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கட்டடப் பொருளுக்கு அரசு ஒப்புதல் வேண்டும், அதை யாராவது தம் பெயரில் வாங்க வேண்டும் என்றால் சங்கமே வாங்கிக்கொள்ளும் என்று இறங்கினார்கள். 2006இல் பெர்லினிலுள்ள கட்டடத் தொழில்நுட்ப நிறுவனம் வைக்கோல் கட்டுக்குப் பொது ஒப்புதல் தந்தது. 2017இல் ஐரோப்பிய அளவிலான தொழில்நுட்ப மதிப்பீடும் வந்தது. இப்போது வயலிலிருந்து வரும் சாதாரணக் கட்டு, அடர்த்தியும் ஈரமும் அளந்து பார்த்து முத்திரை விழுந்ததும் ‘கட்டடவைக்கோல்’ ஆகிவிடுகிறது. அதே வயல், அதே தாள்.

பூசாத கட்டுக்கு ஐரோப்பிய வகைப்பாட்டில் கிடைத்தது ‘இ’ வகுப்பு. தீக்குச்சி அளவுள்ள சுவாலையை 15 வினாடி காட்டுவார்கள், 20 வினாடிக்குள் தீ 150 மில்லிமீட்டருக்கு மேல் ஏறாமல் இருந்தால் தேர்ச்சி. பெருமைப்பட ஒன்றுமில்லை, தேர்ச்சி பெற்றவற்றில் கீழ்ப்படிதான். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பொருள் எவ்வளவு எளிதில் பற்றும் என்பது ஒரு கேள்வி. அந்தப் பொருளைக் கொண்டு கட்டிய சுவர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது இன்னொன்று. முதலாவதில் கடைசி வரிசையில் நிற்கும் வைக்கோல், பூச்சோடு இரண்டாவதில் முன்வரிசைக்கு வருகிறது. இரும்பு நேர் எதிர். பற்றவே பற்றாது, ஆனால் 600 டிகிரியில் வலுவில் பாதிக்கு மேல் இழந்து வளையும்.

பொது ஒப்புதல் வருமுன், ஜெர்மனியின் ஸீபன் லிண்டன் என்ற சூழல் கிராமத்தில் மூன்று மாடி வைக்கோல் கட்டடம் 2005இல் எழுந்தது. அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் தனி ஒப்புதல் வாங்கிக் கட்டினார்கள். பத்தாண்டுக்குள் ஃபெர்டன் நகரத்தில் ஐந்து மாடியே வந்துவிட்டது. பிரான்ஸ்காரர்கள் 2012இல் தொழில்விதிகளை எழுதி, காப்பீட்டு நிறுவனங்கள் வைக்கோலை வழக்கமான கட்டுமான முறையாகவே பார்க்கும்படி செய்தார்கள். அங்கே சான்தியே-தே-வோஜ் ஊரில் மரச்சட்டத்துக்குள் வைக்கோல் வைத்து எட்டு மாடிக் குடியிருப்பு நிற்கிறது.

இங்கிலாந்து போன வழி வேறு. அங்கே மாட்செல் என்ற நிறுவனம் மரப்பெட்டிக்குள் வைக்கோலை அடைத்துச் சுண்ணாம்பு பூசிய பலகையைத் தயாரித்தது. பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பலகைகளால் 2009இல் வளாகத்துக்குள்ளேயே ஒரு வீடு கட்டி ஆராய்ந்தார்கள். தீச்சோதனையில் பலகை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. சான்று வந்தது, சான்றைப் பார்த்து வங்கி அடமானக் கடன் தந்தது, 2015இல் பிரிஸ்டலில் வைக்கோல் வீடுகள் சந்தைக்கே விற்பனைக்கு வந்தன. கவனித்தீர்களா? பெட்டிக்குள் போனதும் வைக்கோலுக்கு முதலாளி கிடைத்துவிட்டார். உடனே கோப்பு நகர்ந்தது.

நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே நாட்டில்தான் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் ஒட்டியிருந்தது, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த தொழிற்சாலைப் பலகை. தயாரிப்பாளர், சோதனை அறிக்கை, சான்றிதழ் என்று எல்லாக் கட்டமும் நிரம்பிய பொருள்தான். 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, அந்தப் பலகைகளையும் வெப்பத்தடுப்புப் பொருள்களையும் செய்து விற்றவர்கள் சோதனை விவரங்களில் திட்டமிட்டு நேர்மையற்று நடந்ததாகப் பதிவுசெய்தது. சோதிக்கக் காசு கொடுப்பவரே விற்பவராகவும் இருப்பதன் மறுபக்கம் அது. 2018 கடைசியில் அங்கே 18 மீட்டருக்கு மேல் உயர்ந்த புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் எதுவும் கூடாது என்று தடை வந்தது. அதில் வைக்கோலும் அடிபட்டுப் போனது. அந்தத் தடை சரியென்றே நினைக்கிறேன். உயரமான கட்டடத்தில் வைக்கோல் வைத்தே ஆகவேண்டும் என்ற வேண்டுதல் எனக்கில்லை. ஒன்றிரண்டு மாடிக்குள் அது நன்றாக வேலை செய்கிறது, போதும்.

சான்று பார்க்காத இடங்களும் இருக்கின்றன, வைக்கோல் ஆர்வலர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகவே பேசுகிறார்கள். உலைக்குப் போவது பூசி முடித்த சுவர். ஆனால் வைக்கோல் வீட்டுக்குக் கண்டம் பெரும்பாலும் பூசுவதற்கு முன்தான். கட்டைச் சீவும்போதும் பிரிக்கும்போதும் தரையெங்கும் தாள் உதிர்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் ஒருவர் வெல்டிங் வைத்தாலோ, கிரைண்டரில் கம்பி அறுத்தாலோ, பீடித் துண்டைப் போட்டாலோ கதை முடிந்தது. காற்றாடக் கிடக்கும் உதிரி வைக்கோல் நமக்குத் தெரிந்த அதே வைக்கோல்தான், அதற்கு எந்த உலைச் சோதனையும் துணைக்கு வராது. நான் விதி எழுதுவதாக இருந்தால், அன்றன்றைக்குச் சாயங்காலம் தளத்தைக் கூட்டிப் பெருக்காமல் வேலையாள் வீட்டுக்குப் போகக் கூடாது, முதல் பூச்சு முடியும்வரை சூட்டு வேலையே கூடாது என்ற இரண்டையும் முதல் பக்கத்தில் போடுவேன்.

அடுத்தது சுவரின் உச்சி. பக்கவாட்டில் அழகாகப் பூசிவிட்டு, மேலே கூரை மறைக்கும் இடத்தைப் பூசாமல் விட்டுவிடுவார்கள். கூரையில் பற்றிய தீ அந்த வழியாகச் சுவருக்குள் இறங்கும். புகைபோக்கி துளைத்துப் போகும் இடமும், மின்பெட்டி பதிக்கக் குடைந்த பள்ளமும் இதே ரகம். உள்ளே இறங்கிய தீ சுவாலையாக எரியாது, கனன்றுகொண்டே ஊரும். வெளியே அணைந்துவிட்டது என்று வண்டியைத் திருப்பியபின் மறுநாள் வேறு மூலையில் புகை வரும். தீயணைப்பு வீரர்கள் பூச்சை உடைத்துக் கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டு நனைக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த வீடு வைக்கோல் வீடு என்று அந்த வட்டாரத் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது முக்கியம். வெளியே பார்த்தால் சாதாரணச் சுண்ணாம்புச் சுவராகத்தானே தெரியும்.

இந்தியாவில் சுவரின் தீத்தாங்கு நேரத்தை அளக்க ஐ.எஸ். 3809 என்ற தரம் இருக்கிறது. தரக் குறியீடு இல்லாத புதிய பொருள்களுக்கு, டில்லியிலுள்ள பி.எம்.டி.பி.சி. என்ற மத்திய அரசு அமைப்பு செயல்திறன் மதிப்பீட்டுச் சான்று தருகிறது. விண்ணப்பிக்கக்கூடியவர் யார் என்று பார்த்தால் தயாரிப்பவர், வழங்குபவர், நிறுவுபவர் என்று போகிறது. வீடு கட்ட ஆசைப்படும் தனி ஆள் அதில் இல்லை.

தஞ்சை, திருவாரூர் பக்கம் அறுவடை இயந்திரம் வயலைவிட்டு ஏறியதும் வைக்கோல் கட்டும் இயந்திரம் இறங்குகிறது. பெரும்பாலும் உருளையாகச் சுருட்டிப் போடுகிறது, சுவருக்கு அது உதவாது. செவ்வகமாக அழுத்தும் இயந்திரமும் சந்தையில் உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் டெல்டாவில் நிறைய இருக்கின்றன. சட்டப்படி அவை கம்பெனிகள், பதிவு எண் உண்டு, ஜி.எஸ்.டி. எண் உண்டு. ஜெர்மன் சங்கம் செய்ததை அவற்றில் ஒன்று செய்ய முடியும். செவ்வகக் கட்டு போட்டு, அடர்த்தியும் ஈரமும் அளந்து, களிமண் பூசிய சுவர் ஒன்றும் சுண்ணாம்பு பூசிய சுவர் ஒன்றும் உலைக்கு அனுப்பி, தயாரிப்பாளர் என்ற கட்டத்தில் அவர்கள் பெயரை எழுதலாம். உலைக் கட்டணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் அவர்களுடைய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முதலில் கேட்பார்கள்.